வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஒரு பதிலின் நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். பழைய படம் ஒன்றைப் பார்க்க உட்காரும் முன் இயக்கம் யார், ஒளிப்பதிவு யார் என்று டைட்டிலில் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படம் வேறு மாதிரி தெரியும் என்று. அதற்கு வந்த கடிதங்களே பக்கத்தை நிரப்பிவிட்டன. பாலக்காட்டுக் கிழக்கு ஊர்களிலிருந்து, குமுளியிலிருந்து, அந்தப் பக்கம் நகரி, புத்தூரிலிருந்தெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சரி, இந்த முறை சினிமா மட்டும்.

கே: அண்ணா, 'மாயாபஜார்' டிவியில் வந்தால் எங்கள் தாத்தா சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். எனக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை. கதை தெரிந்த கதை, நடிப்பு நாடகம் மாதிரி இருக்கிறது. இதில் என்னத்தை ரசிப்பது? (கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை)

ப: மறைக்காமல் கேட்டதற்கு நன்றிம்மா. நானும் உங்கள் வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன், ஆனால் என் மாமா ஒருவர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தார். உங்கள் ஊருக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் பனைமரங்களுக்கிடையே கொட்டகை போட்டு, ஒரு வாரம் தமிழ்ப் படம், ஒரு வாரம் மலையாளப் படம் என்று ஓட்டுவார்கள். புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் இருக்கும், அவற்றின் நுனிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரிகிற வெளிச்சம்தான் திரையில் வந்து விழுவது. குச்சி தேயத் தேய இடைவெளி கூடிப் படம் மங்கும், ஆபரேட்டர் பக்கத்திலேயே நின்று திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 'மாயாபஜார்' ஓடினால் நிலாப் பாட்டு இருக்கிற ரீலுக்கு முன்னாலேயே மாமா புதுக் குச்சி மாட்டிவிடுவார். "இது பார்ட்லி போட்ட நிலாடா, நம்ம கொட்டாயில மங்கக் கூடாது" என்பார். பார்ட்லி யார் என்று நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மார்கஸ் பார்ட்லி, ஆங்கிலோ இந்தியர். விஜயா நிறுவனப் படங்களின் கேமராமேன். 1951இல் 'பாதாள பைரவி', 1955இல் 'மிஸ்ஸியம்மா', 1957இல் கே.வி. ரெட்டி இயக்கிய 'மாயாபஜார்'. நீங்கள் முழுப் படத்தையும் பார்க்க வேண்டாம், 'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். படகில் சாவித்திரியும் ஜெமினி கணேசனும். அவர்கள் தலைமுடியின் ஓரத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? முகத்தில் எவ்வளவு விழுகிறது? பின்னால் தண்ணீர் எங்கே மினுங்குகிறது, எங்கே கறுப்பாகவே கிடக்கிறது? அந்தக் காலத்து ஃபிலிமில் உண்மையான பௌர்ணமி வெளிச்சம் பதியவே பதியாது, அதனால் திரையில் நீங்கள் பார்க்கிற நிலவு ஒவ்வொரு துளியும் ஒரு மனிதர் யோசித்து வைத்தது. எந்த விளக்கை எங்கே வைத்தால் வெயில் மாதிரி இல்லாமல் நிலா மாதிரி இருக்கும் என்று தெரிந்த கை அது.

அப்புறம் 1965இல் ராமு காரியாட்டின் 'செம்மீன்' படத்துக்குப் போங்கள், அதே பார்ட்லிதான். ஸ்டூடியோவுக்குள் நிலா செய்தவர் நாட்டிகைக் கடற்கரையில், உப்புக் காற்றில், நிழலே இல்லாத வெயிலில் வண்ணப்படம் எடுக்கிறார். தென்னிந்தியாவிலிருந்து ஜனாதிபதி தங்கப் பதக்கம் வாங்கிய முதல் படம் அதுதான். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் பார்ட்லி பெயர் தெரியாமல் இருக்கலாம்.

கே: தெலுங்கு 'மாயாபஜார்' படத்தைக் கலராக்கி வெளியிட்டார்களே, அதைப் பார்க்கலாமா, பழைய கறுப்பு வெள்ளையையே பார்க்க வேண்டுமா? (நகரி)

ப: கறுப்பு வெள்ளை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2010இல் வந்த கலர்ப் பதிப்பைப் பார்க்கக் குழந்தைகளும் வந்தார்கள், அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கறுப்பு வெள்ளைக்குப் படம் எடுக்கிறவர்கள் செட்டுக்குப் பூசும் சாயத்தையும் உடுத்தும் துணியையும் நேரில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, ஃபிலிமில் எந்தச் சாம்பல் நிறமாக விழும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சுத்த வெள்ளைத் துணி விளக்கில் கண்ணைப் பறிக்கும் என்பதால் சற்று மங்கலாக்கிய துணியைத்தான் வெள்ளையாகக் காட்டுவார்கள். ஆளையும் சுவரையும் பிரித்துக் காட்ட நிறம் கிடையாது, வெளிச்சம் ஒன்றுதான் உண்டு. அந்த வேலை முடிந்து ஐம்பது வருஷம் கழித்து அதன் மேல் மஞ்சளும் பச்சையும் பூசினால் பார்ட்லி பிரித்து வைத்தது கலந்துபோகிறது.

நீங்கள் நகரிக்காரர், இரண்டு மொழியும் வீட்டு மொழி மாதிரி. தமிழையும் தெலுங்கையும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள், தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி. ஒரே செட், ஒரே சாவித்திரி, எதிரில் வேறு ஆள். பாட்டை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், எங்களுக்குக் கிடைக்காத வசதி அது.

கே: ஒரு ஷாட் அழகாக இருந்தால் அது இயக்குநர் வேலையா, கேமராமேன் வேலையா? எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. (வேலந்தாவளம்)

ப: ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் தீராது. இரண்டு மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இயக்குநரை அப்படியே வைத்துக்கொண்டு கேமராமேனை மாற்றிப் பாருங்கள், அப்புறம் கேமராமேனை வைத்துக்கொண்டு இயக்குநரை மாற்றிப் பாருங்கள்.

இயக்குநர் மகேந்திரனை எடுத்துக்கொள்வோம். முதல் படம் 'முள்ளும் மலரும்', 1978, ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. அடுத்த வருஷம் 'உதிரிப்பூக்கள்', ஒளிப்பதிவு அசோக்குமார். இரண்டு படத்திலும் ஆட்கள் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நிற்பார்கள், கேமராவும் அவசரப்படாமல் அவர்கள் முகத்திலேயே இருக்கும். முதல் படத்தின் முடிவில் கல்யாண ஊர்வலத்தை விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிற தங்கை, இரண்டாவது படத்தின் முடிவில் ஆற்றங்கரையில் நிற்கிற ஊர்ஜனம், அப்பன் தண்ணீருக்குள் போனது தெரிந்து கரையோரமாக ஓடுகிற இரண்டு பிள்ளைகள். கேமராமேன் மாறியும் அந்தப் பொறுமை மாறவில்லை என்றால் அது மகேந்திரன் கொண்டு வந்தது. வெளிச்சத்தைப் பாருங்கள், அது மாறியிருக்கும். பாலு மகேந்திரா இருக்கிற வெளிச்சத்தை நம்புகிறவர், ஜன்னல் ஒன்று இருந்தால் போதும் என்பவர், மலைப் பனியும் மரநிழலும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அசோக்குமாரின் கிராமம் வெட்டவெளி. காலை, சாயங்காலம் என்று பொழுதே ஒரு பாத்திரமாக நடமாடும்.

இப்போது திருப்பிப் போடுங்கள். பாலு மகேந்திரா 1974இல் ராமு காரியாட்டுக்கு 'நெல்லு' செய்தார், வயநாட்டுக் கதை. 1980இல் கே. விஸ்வநாத்துக்கு 'சங்கராபரணம்'. 1988இல் தானே இயக்கி 'வீடு'. மூன்றும் ஒரு கண்ணின் வேலைதான், ஆனால் 'வீடு' படத்தில் அந்தக் கண் அழகைத் தேடிப் போகவே போகாது. செங்கல், சிமெண்ட், பாதி எழும்பிய சுவர், அங்கே ஒரு கிழவர் வந்து நின்று சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். தன் படம் என்று வரும்போது எதை விடுகிறார் என்று பார்த்தால்தான் மற்றவர்களுக்கு எதைக் கொடுத்தார் என்பதும் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் எல்லைப் பக்கத்து ஆட்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம். 1976இல் 'மோகினியாட்டம்' என்ற மலையாளப் படத்துக்காக தேசிய விருது வாங்கிய நிவாஸ்தான் மறு வருஷமே '16 வயதினிலே' படத்துக்கு வந்தார். பாரதிராஜாவுக்கு அது முதல் படம், கையில் பணம் இல்லை, ஸ்லோ மோஷன் எடுக்கிற கேமராவுக்கு வழியில்லை, அதனால் ஸ்ரீதேவியையே மெதுவாக மிதக்கிற மாதிரி ஓடச் சொல்லி எடுத்தார்கள். இந்த ஷாட் யாருடையது? கற்பனை பாரதிராஜாவுடையது, நடையைத் தாங்கியது பதிமூன்று பதினாலு வயதுப் பெண், நம்மை நம்ப வைத்தது நிவாஸ் வைத்த கோணம். மூன்று பேரும் இல்லாமல் அது இல்லை. நிவாஸ் கோழிக்கோட்டுக்காரர். இயக்குநர் ஸ்ரீதருக்குக் 'கல்யாணப் பரிசு' முதல் கேமரா பிடித்த வின்சென்ட்டும் கோழிக்கோட்டுக்காரர், 1954இல் 'நீலக்குயில்' எடுத்துவிட்டு வந்தவர். அசோக்குமார் அலகாபாத்தில் பிறந்து, மலையாளப் படங்களில் பெயர் வாங்கி, அதற்குப் பிறகு தமிழுக்கு வந்தார். தமிழ்க் கிராமம் என்றால் நம் மனதில் வருகிற படம் இருக்கிறதே, அதில் பாதி வாளையார் தாண்டி வந்தவர்கள் காட்டியது. சண்டையை நிறுத்திவிட்டு நண்பர்களோடு 'உதிரிப்பூக்கள்' பாருங்கள்.

கே: பாட்டே இல்லாத பழைய தமிழ்ப் படம் ஏதாவது உண்டா? (வாளையார்)

ப: 'அந்த நாள்', 1954, ஏவிஎம் தயாரிப்பு, இயக்கம் எஸ். பாலசந்தர், ஒளிப்பதிவு மாருதி ராவ். படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார், 1943இல் சென்னையில் குண்டு விழுந்த சமயம், யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். பாலசந்தர் வீணையில் பெரிய வித்வான், பாட்டு தெரியாமல் விட்டவர் இல்லை. ஒரு பாட்டுகூட வேண்டாம் என்று முடிவு செய்ய அவரை மாதிரி ஒரு சங்கீதக்காரரால்தான் முடியும் என்று எனக்குத் தோன்றும். பாட்டு போன இடத்தை நிழல் எடுத்துக்கொண்டது, மாடிப்படி, ஜன்னல் கம்பி, பாதி முகம் இருட்டு என்று. ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கே: 'எலிப்பத்தாயம்' நல்ல படம் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று மகன் போட்டுக் கொடுத்தான். ஒருத்தர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார், எலி பிடிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் எஸ்டேட்டில் வேலை பார்த்தவள், எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா? (குமுளி)

ப: அக்கா, உங்களுக்குப் புரியாமல் போகாது, எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

என் அம்மிச்சி நெல் குத்தப் போவார், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு பெரிய தறவாட்டு வீடு, மலையாளத்துப் பெரிய குடும்பத்தின் பூர்வீக வீடு. சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். நாங்கள் முற்றத்தில்தான் நிற்க வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. அங்கே நின்று பார்த்தால் வாசல் ஒரு கறுப்புச் சதுரமாகத் தெரியும், உள்ளே யாரோ நடமாடுகிற மாதிரி இருக்கும், ஒரு வெள்ளை வேட்டி தெரியும், மறைந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு ரொம்ப வருஷம் பெரிய ஆசை. அடூர் கோபாலகிருஷ்ணன் 1981இல் எடுத்த அந்தப் படத்தில் மங்கட ரவிவர்மாவின் கேமரா அந்தக் கறுப்புச் சதுரத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்க்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் பயம்தான். காலம் மாறிவிட்டது என்று தெரிந்தும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத உண்ணி என்கிற ஒரு மனிதன், அவன் வேட்டியைத் துவைத்துச் சோறு போட்டே தேய்ந்துபோகிற ஒரு தங்கை. முற்றத்தில் நின்ற எங்களைவிட அவர்கள்தான் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பது படம் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடூருக்கு அதுதான் முதல் வண்ணப்படம், கிடைத்த வண்ணத்தை அள்ளித் தெளிக்கவில்லை. உண்ணியின் மூன்று சகோதரிகளுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்தார். ஸ்ரீதேவி என்கிற சகோதரிக்குச் சிவப்பு, ராஜம்மாவுக்கு நீலம், ஜானம்மாவுக்குப் பச்சை. சிவப்புக்காரிதான் எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவாள், அவள்தான் வீட்டை விட்டும் போவாள். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டு இருட்டோடு கரைந்துபோகும். மறுபடி பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு இந்தச் சேலை நிறங்களை மட்டும் பின்தொடருங்கள். கடைசியில் உண்ணியை ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் போடுகிறார்களே, எலியைப் போட்ட அதே குளம், அங்கே வந்ததும் உங்களுக்கே எல்லாம் பொருந்திவிடும். லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1982இல் இதற்கு சதர்லேண்ட் கோப்பை கொடுத்தது.

வீட்டுக்குள் வருகிற வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு படத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ', 1956. காசியில் நடுமுற்றம் உள்ள ஒரு வீடு வருகிறது, அதைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டார்கள். நம் தொட்டிக்கட்டு வீட்டில் பகலில் உட்கார்ந்து பாருங்கள், வானம் மேலே திறந்து கிடக்கும், வெளிச்சம் நேராக அடிக்காமல் எல்லாப் பக்கமும் பரவி இறங்கும், நிழல் அழுத்தமாக விழாது. ஸ்டூடியோ விளக்கை நேரே அடித்தால் அது வராது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியைப் பார்த்துத் திருப்பிவிட்டார், துணியில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் வானத்து வெளிச்சம் மாதிரியே இறங்கியது. தொட்டிக்கட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி பொய் என்று தோன்றவே தோன்றாது.

கே: 'சங்கராபரணம்' நம் ஊர்ப்பக்கம் இன்றைக்கும் கோயில் திருவிழாவில் பாட்டுப் போடுகிறார்கள். எல்லோரும் பாட்டைத்தான் சொல்கிறார்கள், படமாக எப்படி? (புத்தூர், ஆந்திரச் சித்தூர்ப் பக்கம்)

ப: படமாகவும் மேல்தான். விஸ்வநாத் வாகினி ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இயக்குநரானவர், அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். சங்கீத வித்வானாக நடிக்கிற சோமயாஜுலு பாட ஆரம்பித்தால் பாலு மகேந்திராவின் கேமரா சும்மா சுற்றாது, பாடுகிறவரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறவர் முகத்துக்குப் போய்விடும். காது கொடுத்துக் கேட்கிற ஆள் எப்படி அசையாமல் உட்காருவாரோ அப்படி. இசை கே.வி. மகாதேவன், நாகர்கோவிலில் பிறந்தவர், அவருக்கு இந்தப் படத்துக்குத் தேசிய விருது. தமிழ்நாட்டில் இது தெலுங்கிலேயே ஓடியது, ஜனங்கள் பாஷை பார்க்கவில்லை.

கே: இதெல்லாம் எங்கே பார்ப்பது? யூட்யூபில் இருக்கிற பிரதிகள் மங்கலாக இருக்கின்றன. (நெம்மாறை)

ப: உண்மைதான், மனசு வலிக்கிற விஷயம். மங்கல் ஒரு பக்கம், அதைவிட மோசம் படச்சட்டத்தை, அதாவது ஃபிரேமை, வெட்டுவது. 1950களின் தமிழ்ப் படங்கள் கிட்டத்தட்ட சதுரமான சட்டத்தில் எடுத்தவை, அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று. அதை இன்றைய டிவிக்குப் பொருத்துகிறேன் என்று சிலர் இழுத்துவிடுகிறார்கள், சாவித்திரி முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடுகிறது, சிலர் மேலேயும் கீழேயும் வெட்டுகிறார்கள், தலை போய்விடுகிறது. ஒரு கேமராமேன் நெற்றிக்கு மேலே எவ்வளவு இடம் விடலாம் என்று யோசித்து வைத்ததை ஒரு பட்டனில் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டிருக்கிற பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள், டிவி ரிமோட்டிலும் படத்தை நிரப்புகிற வசதியை எடுத்துவிடுங்கள். போனில் பார்க்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'கும்மாட்டி', 'தம்பு' இரண்டையும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மற்றவர்களோடு சேர்ந்து சீரமைத்திருக்கிறது, 'தம்பு' 2022இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. இரண்டுக்கும் ஒளிப்பதிவு ஷாஜி என். கருண். 'தம்பு' பாரதப்புழைக் கரையில் திருநாவாயில் எடுத்தது, ஒரு சர்க்கஸ் கூடாரம் வருகிறது, ஊர்ஜனம் பார்க்கிறது, கூடாரம் போகிறது, அவ்வளவுதான் படம். சர்க்கஸ் பார்க்க வந்த ஜனங்களின் முகங்களை அவர்களுக்கே தெரியாமல் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். என் மாமா கொட்டகையில் புரொஜெக்டர் ஓட்டை வழியாக நான் பார்த்த முகங்கள் அவை, வாய் திறந்து, கண் விரிந்து. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கிற கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள், 1996இலிருந்து நடக்கிறது. பழைய படங்களைப் பெரிய திரையில் போடுவார்கள், நெம்மாறையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்தான்.

கே: 'காதலிக்க நேரமில்லை' ஆழியாறில் எடுத்தபோது அப்பா சைக்கிளில் போய் ஷூட்டிங் பார்த்தாராம். அந்தப் படத்தில் ஒளிப்பதிவு என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா? காமெடிப் படம்தானே? (மீனாட்சிபுரம்)

ப: இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஸ்ரீதரும் வின்சென்ட்டும் 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எடுத்தார்கள், கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு ஆஸ்பத்திரி செட்டுக்குள், கறுப்பு வெள்ளையில், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே கேமரா நுழைந்து நுழைந்து போகும். இரண்டு வருஷம் கழித்து அதே இரண்டு பேர் ஈஸ்ட்மன் கலரைத் தூக்கிக்கொண்டு ஆழியாறுக்கு வந்துவிட்டார்கள். அதுவரை தமிழில் கலர் என்றால் பெரும்பாலும் ராஜா ராணி, புராணம். சாதாரண சட்டை பேண்ட் போட்ட பையன்களையும் ஒரு மலையடிவாரத்து பங்களாவையும் அந்த வெயிலையும் கலரில் பார்ப்பது அன்றைக்குப் புதுசு. 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டைப் போட்டு, ஆட்களை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள், ஆனைமலைப் பக்கத்து வெளிச்சம் நமக்குத் தெரிந்த அதே வெளிச்சம். நகைச்சுவைப் படத்தில் கேமரா அடக்கமாக இருக்க வேண்டும் என்பதும் வின்சென்ட்டுக்குத் தெரியும். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற காட்சியில் கேமராமேன் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்குமா? பாலையா முகத்தில் பயம் ஏறுகிறதை நாம் தவறவிடாமல் பார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் செய்திருக்கிறார்.

ஆழியாறு தண்ணீர் உங்கள் பக்கமாக வந்து சித்தூர்ப் புழையில் சேர்ந்து பாரதப்புழையாகப் போகிறது. அன்றைக்கு வின்சென்ட் கேமரா வைத்த தண்ணீர்தான் திருநாவாயில் ஷாஜி கேமராவுக்கு முன்னாலும் ஓடியிருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள், தயவுசெய்து சீக்கிரம். அந்தக் காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பில் வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகைகளை வெயிலுக்குக் காட்டி நடிகர் முகத்துக்கு வெளிச்சம் திருப்புவார்கள். அன்று ஆழியாறில் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை அப்பா பார்த்தாரா? சென்னையிலிருந்து வந்த ஆட்களா, நம் ஊர் ஆட்கள் யாராவது பிடித்தார்களா? எந்தப் பக்கம் நின்றார்கள், மணி என்ன இருக்கும்? அவருக்கு ஞாபகம் இருக்கிற மட்டும் சொல்லட்டும், அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.